ஒரு பட்டியலுக்கு நான்கு ஆண்டுப் பஞ்சாயத்து

பைத்தானில் நிரல் எழுதும் யாரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. கணக்குப் போட நம்பை, இணையத்திலிருந்து தகவல் எடுக்க ரிக்வெஸ்ட்ஸ் என்று பிறர் எழுதிவைத்த பேக்கேஜ்களை இறக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பேக்கேஜும் வேறு சிலவற்றைத் துணைக்கு அழைக்கும். அவை இன்னும் சிலவற்றை. எதற்கு எந்தப் பதிப்பு ஒத்துவரும் என்று பார்த்து நிறுவித் தருபவை பேக்கேஜ் மேனேஜர்கள். பிப், பொயட்ரி, பிடிஎம், யூவி எனப் பைத்தானுக்கு இவை ஏகப்பட்டவை. ஒன்று எழுதியதை மற்றது படிக்காது என்பதுதான் நெடுநாள் தலைவலி.

பழைய ஏற்பாட்டில் ஒவ்வொரு பேக்கேஜிலும் 'செட்டப்.பை' என்ற கோப்பு இருக்கும். அது பட்டியல் அல்ல, ஒரு நிரல். என்னென்ன தேவை என்று தெரிய அதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அதன் முதல் வரியே நம்பையைக் கேட்டால்? நம்பை இல்லாமல் அது ஓடாது. ஓடாதவரை நம்பை வேண்டும் என்பது பிப்புக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை, 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்பதற்காகவே நம் கணினியில் ஓடவிட வேண்டியிருந்தது.

பைத்தான் உலகில் மாற்றங்கள் 'பெப்' என்ற எண்ணிட்ட முன்மொழிவுகளாக வரும். 2016இல் வந்த பெப் 518, பேக்கேஜைக் கட்டத் தேவையானவற்றை 'பைப்ராஜெக்ட்.டாமல்' என்ற வெறும் உரைக்கோப்பில் எழுதிவைக்கச் சொன்னது. படித்தாலே போதும், ஓட்ட வேண்டாம். அதன் கூட்டாளியான பெப் 517 இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பேக்கேஜைக் கட்டும் கருவி எதுவாகவும் இருக்கட்டும். 'பில்ட்_வீல்' என்ற பெயரில் அதனிடம் ஒரு செயற்கூறு இருந்தாக வேண்டும். பிப் அதை அழைக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பது அந்தக் கருவியின் சொந்த விவகாரம். பெயர், பதிப்பு, தேவைகள் ஆகியவற்றை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை 2020இல் பெப் 621 வகுத்தது. தனக்கென ஒரு பாணி வைத்திருந்த பொயட்ரி அதற்கு வந்து சேர்ந்தது 2025 ஜனவரியில், தன் 2.0 பதிப்பில்தான்!

உண்மையான இழுபறி லாக் ஃபைலில். இன்று என் கணினியில் ஓடும் அதே பதிப்புகள் நாளை சர்வரிலும் நிறுவப்பட வேண்டுமென்றால், ஒவ்வொரு பேக்கேஜின் துல்லியமான பதிப்பையும் கைரேகை போன்ற அதன் ஹாஷ் எண்ணையும் ஒரு கோப்பில் குறித்துவைக்க வேண்டும்; அதுதான் லாக் ஃபைல். பேக்கேஜ் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். இடையில் யாராவது கைவைத்திருந்தால் அகப்பட்டுக்கொள்வார்கள். ஆனால் யாருக்காகக் குறிப்பது? ஒரு கணினிக்கு மட்டுமா, விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்தா? பொயட்ரியும் யூவியும் ஒரே கோப்பில் எல்லாவற்றையும் அடக்குபவை.

லாக் ஃபைலுக்கு ஒரு பொது வடிவம் தர 2021இல் முன்வைக்கப்பட்ட பெப் 665, முன்கூட்டியே கட்டித் தயாராக உள்ள 'வீல்' பேக்கேஜ்களை மட்டுமே ஏற்றது. மூல நிரலாகவே வருபவற்றை என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். 2022 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது. அதை எழுதியவர்களில் ஒருவரான பிரெட் கேனன் விடவில்லை. மூல நிரலுக்கும் இடம் தந்த அவருடைய பெப் 751, 2025 மார்ச் 31 அன்று ஏற்கப்பட்டது. கோப்பின் பெயர் 'பைலாக்.டாமல்'. நிறுவும் கருவி புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை; ஒவ்வொரு பதிவாகப் படித்து, 'இது விண்டோஸுக்கு மட்டும்' போன்ற நிபந்தனை தனக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்த மாதமே பிப் 25.1 பதிப்பில், சோதனை முயற்சி என்ற குறிப்போடு, பைலாக் கோப்பை எழுதித் தரும் 'பிப் லாக்' கட்டளை வந்தது. யூவியோ தன் சொந்த லாக் ஃபைலைக் கைவிடவில்லை. அதன் வசதிகள் சிலவற்றைப் பொதுக் கோப்பில் எழுத முடியாதாம். கேட்டால் பைலாக் வடிவில் ஏற்றுமதி செய்து தருகிறது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். யூவி தந்த பைலாக் கோப்பைப் படித்து நிறுவ, இனி யூவியே தேவையில்லை.