அவள் பக்கம் யார் நிற்பது?

“ஊருக்குத் தெரியுறதுக்குள்ள கல்யாணத்தைப் பண்ணி வச்சுருவோம் டீச்சர்.”

பாம்பனில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை கர்ப்பமாகிவிட்டால் தாய்மார் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான். அப்பா கடலில் இருப்பார். அம்மாவோ விடிந்ததும் பாசி எடுக்கப் போகிறவர். மானம் போய்விடுமே என்று அவர்கள் பயப்படுகிறார்கள். நான் அந்தப் பிள்ளையின் உயிரை நினைத்துப் பயப்படுகிறேன்.

20 முதல் 24 வயதுப் பெண்களைவிட, அதற்கு முன் தாயாகும் பிள்ளைகளுக்குப் பேறுகால வலிப்பும் கிருமித்தொற்றும் வரும் ஆபத்து அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை மாதம் நிறையாமலும் எடை குறைந்தும் பிறக்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஆறு பேர் தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள்.

அவசரக் கல்யாணம் இவர்களைக் காப்பாற்றாது. 18 வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். அவள் சம்மதித்திருந்தாலும் அவளோடு உறவு கொள்வது போக்சோ சட்டப்படி குற்றம். போலீஸ் வருமே என்று பயந்து ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டால், ரத்தசோகையும் ரத்தக்கொதிப்பும் யாருக்கும் தெரியாமல் முற்றிவிடும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தாலே உதவி தொடங்கும். பிறக்கும் குழந்தையை வளர்க்க முடியாத நிலை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். முடிவை மறுபடி யோசிக்க 60 நாள் அவகாசம் உண்டு. குப்பைத்தொட்டிக்கும் முள்ளுக்காட்டுக்கும் எந்தக் குழந்தையும் போக வேண்டியதில்லை.

கருவிலிருப்பதும் உயிர் என்று விசுவசிக்கிறவர்கள் கத்தோலிக்கர்களாகிய நாங்கள். அந்த உயிரைச் சுமக்கிறவளைப் பாடகர் குழுவிலிருந்து ஒதுக்கினால் எங்கள் விசுவாசத்துக்கு என்ன பொருள்? கல்யாணமாகாத தாய் தன் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கேட்டு வரும்போது கோயில் கதவை மூடுவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மே மாத மறையுரையில் கண்டித்தார். கருக்கலைப்பைப் பெரும் பாவம் என்று சொன்ன அவரே, மனம் வருந்தி வருகிறவர்களுக்கு அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016-இல் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்தார். கர்ப்பமான மாதாவை ஊரறிய அவமானப்படுத்தச் சூசையப்பருக்கு மனம் வரவில்லை என்று வேதத்தில் படிக்கிறோமே!

எங்கள் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் இதையே பேசுகிறேன். அந்தப் பிள்ளையை மாதாமாதம் செக்கப்புக்குக் கூட்டிப்போக ஒரு அக்கா வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு அவள் படிப்பைத் தொடர வேண்டும். அதற்கும் முன்னால், பையன்களையும் உட்காரவைத்து உடம்பைப் பற்றியும் பொறுப்பைப் பற்றியும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். மானத்தைக் காக்கும் பாரத்தை ஒரு சிறுபெண்ணின் தலையில் மட்டும் ஏற்றுவது கிறிஸ்தவம் ஆகாது.