மலைநாட்டுத் தோரணம்

குருத்தோலையும் மாவிலையும் இல்லாத ஊரில் வாயிலை அலங்கரிப்பது எப்படி என்ற கேள்வியை, தமிழ்நாட்டுச் சமவெளிக் கிராமங்களிலிருந்து தோட்டத் தொழிலுக்காக மலையேறி வந்த நம் முன்னோர், அக்கரப்பத்தனை போன்ற பிரதேசங்களில் கொண்டாடிய முதற் பண்டிகையன்றே சந்தித்திருப்பார்கள். 4,000 அடிக்கு மேற்பட்ட இக்குளிர்நிலம் தேயிலைக்கு உகந்ததேயன்றித் தென்னைக்கு உகந்ததன்று. கீழ்நாட்டிலிருந்து குருத்தோலை தருவிக்கப் பணம் வேண்டும். ஆகவே ஓலையின் ஸ்தானத்தைக் காகிதம் பெற்றது. 1930இல் ஆரம்பமான வீரகேசரியும், 1932இல் ஆரம்பமான தினகரனும், படித்து முடிந்தபின் லயத்துக் காம்பராக்களின் புகை படிந்த சுவர்களில் ஒட்டப்பட்டுக் குளிர்காற்றைத் தடுத்தன. அவையே கத்தரிக்கப்பட்டு, நூலில் கோக்கப்பட்டு, இஸ்தோப்பில் தோரணமாகவும் தொங்கின. வீட்டில் உபயோகித்து முடிந்த பொருளால் பண்டிகைக்கு அலங்காரம் செய்வது நமக்கு யாரும் புதிதாகப் போதிக்க வேண்டிய வித்தையன்று.

இடையில் வந்தது பிளாஸ்டிக். கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பளபளப்பான மாலைகளும், பொலித்தீன் கொடிகளும், கோயில் திருவிழாவிலும், பாடசாலையின் வாணி விழாவிலும், நத்தார் கால ஒளி விழாவிலும் காகிதத்தை விரட்டிவிட்டன. விழா முடிந்த மறுநாள் அவை என்ன ஆகின்றன என்பதைச் சிந்திக்க வேண்டிய கடமை, நாட்டின் மற்றெவரையும்விட நமக்கே அதிகம். லயத்துக் கானில் விழுந்த பொலித்தீன் துண்டு மழைநீரோடு ஆக்ரா ஓயாவை அடைகிறது. ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவில் சேர்கிறது. கொத்மலை ஓயா தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கடந்து மகாவலி கங்கையில் கலக்கிறது. மகாவலியோ இத்தீவின் மிக நீண்ட நதியாய் வயல்களை வளர்த்துக்கொண்டு திருகோணமலைப் பக்கத்தில் சமுத்திரத்தை அடைகிறது. தலைநீரில் வாழ்கிறவர்கள் எறிவதைக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் அனுபவிக்கிறார்கள்.

குப்பை என்பது எத்தகைய அபாயம் என்பதை இந்த நாடு ஒரு பண்டிகை நாளிலேயே கண்டது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் வெளியான அரசாங்க வர்த்தமானி அறிவித்தல்கள், மெல்லிய பொலித்தீனையும் உணவு சுற்றும் தாளையும் தடுத்ததோடு, சமய, கலாசார, அரசியல் வைபவங்களில் பொலித்தீனை அலங்காரத்துக்கு உபயோகிப்பதையும் தடுத்தன. 2023 ஒக்டோபரில் ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி முதலியவற்றோடு பிளாஸ்டிக் மாலையும் தடைசெய்யப்பட்டது. பழைய பொலித்தீன் பைகளையே கத்தரித்துக் கொடியாகக் கட்டினால் அது மறுஉபயோகந்தானே என்று சிலர் வாதிக்கலாம். அவ்வாதத்தை நான் ஏற்கமாட்டேன். நம் மலைக்காற்று ஒரே இரவில் அதைக் கிழித்து ஓடைக்கு அனுப்பிவிடும். வெளியே தொங்குவது மண்ணில் மக்க வேண்டும். இல்லையேல் மீண்டும் வீட்டுக்குள் வந்து அடுத்த வருஷத்துக்குப் பத்திரமாக இருக்க வேண்டும்.

காகிதத்துக்கு வேண்டியது பசை. கோதுமை மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய தீயில் கிண்டினால், மாச்சத்தின் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கி உடைந்து, வெண்மை நீங்கிக் கண்ணாடிபோல் தெளிகிற தருணத்தில் பசை பக்குவமாகிவிடும். நம் ஊர் மூடுபனியில் அது சீக்கிரம் காயாது. அடுப்படியில் வைத்து உலர்த்துவதே உத்தமம். பனியில் காகிதம் தொய்யாதிருக்க, எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை இருபுறமும் அழுத்தித் தேய்க்கலாம். ஆனால் மெழுகு பூசிய தாள் எளிதில் பற்றிக்கொள்ளுமாதலால் அதை விளக்கருகில் கட்டவே கூடாது. ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதையும் கொண்டுபோய்விடும்.

வர்ணத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வடிகட்டியில் மிஞ்சிய தேயிலைச் சக்கையை மறுபடி கொதிக்கவைத்த சாயத்தில் தாளைத் தோய்த்தால் அழகிய கபில நிறம் பிடிக்கும். அதே சாயத்தில் துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றை ஓரிரு நாள் ஊறவிட்டால், தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடிக் கருமையாகிவிடும். பண்டைக்காலத்து எழுதும் மைகள் பல இந்த ரசாயன விதியின்படியே தயாரிக்கப்பட்டன. மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி எடுக்கிற ஒவ்வொரு தாயும் அறிவாள். நிலத்துக்கு இவை தீங்கு செய்யா.

ஆயினும் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது தகர விளக்கே. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பிரதேசத்தில், 1846க்குப் பின் வியாபாரிகளும் ராணுவத்தாரும் கொண்டுவந்து எறிந்த உணவுத் தகரங்களிலிருந்து, அவ்வூர்க் கைவினைஞர் சிலுவைகளும், படச்சட்டங்களும், விளக்குத் தாங்கிகளும் செய்து, ஏழைகளின் தேவாலயங்களை வெள்ளியால் இழைத்ததுபோல் ஜொலிக்கச் செய்தனர். நம் வீடுகளிலும் மீன் டின்னுக்கும் பால்மா டின்னுக்கும் பஞ்சமில்லை. டின்னைச் சாம்பலும் சுடுநீரும் இட்டுக் கழுவி, வாய்விளிம்பின் கூர்மையைச் சுத்தியலால் உட்புறம் தட்டி மடக்கி, ஈரமணலை இறுக அடைக்க வேண்டும். மணல் உள்ளிருந்து தாங்குவதால்தான் துளையிடும்போது தகரம் நசுங்குவதில்லை. நட்சத்திரமோ, தாமரையோ, மயிலோ வரைந்த தாளை வெளியே சுற்றி ஒட்டி, கோட்டின்மேல் நெருக்கமின்றி ஆணியால் துளையிட்டு, மேலே கம்பி கோக்க இரு துளைகள் விடுவது போதும். மணலைக் கொட்டியபின் அடியில் ஒரு விரற்கடை மணல் வைத்து மெழுகுவர்த்தியை நிறுத்தினால், சுவரெங்கும் அந்தத் தாமரை ஒளிப்புள்ளிகளாய் விரியும். பண்டிகை முடிந்தபின் தேங்காயெண்ணெய் தடவி எடுத்துவைத்தால் துரு ஏறாது. ஏறிவிட்டாலும் கருஞ்சாயத்துக்கு ஆகும்.

தீபாவளிக்குச் செய்த இவ்விளக்கே நத்தாரன்று பாலன் குடிலின் முன்னும், வைகாசிப் பௌர்ணமியன்று பக்கத்து ஊர்ச் சிங்களச் சகோதரரின் மூங்கிற் பட்டிகளாலான வெசாக் கூடுகளின் நடுவிலும் தொங்கத் தடையேதுமில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் விறகுக்குப் பொறுக்கும் மிலாறுகளில், கிளைகள் அழகாகக் கோணிய ஒன்றைத் தெரிந்தெடுத்துச் சுண்ணாம்பு பூசி, உடைந்த மண்சட்டியில் நட்டுவைத்தால், காகித நட்சத்திரங்களைத் தாங்கும் நத்தார் மரம் தயார். விழா முடிந்ததும் அது மறுபடி அடுப்புக்கே போகும்.

தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியப் பெருமக்களுக்கும் கோயில் நிர்வாக சபையாருக்கும் ஒரு விண்ணப்பம்: வருகிற வாணி விழாவுக்கு வீட்டுக்கு ஒரு டின்னும் நான்கு பழைய பத்திரிகைத் தாளும் கொண்டுவரும்படி இப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள், மாலை வாங்கத் திரட்டும் பணத்தை அவர்களுடைய அப்பியாசக் கொப்பிகளுக்குச் செலவிடுங்கள்.