ஆவணியில் கோடியக்கரை

சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில் கோடை முடியும் முன்பே கரைப்பறவைகள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. ஆகஸ்ட் பிற்பாதியில், ஆவணி பிறந்ததும், அவை நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில் வந்திறங்கத் தொடங்கும். சோழமண்டலக் கடற்கரை மேற்கே திரும்பும் முனை இது. 1967இல் சரணாலயமானது; 2002இல் வேதாரண்யம் சதுப்புநிலத்தோடு சேர்த்து ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது.

மார்கழி, தை மாதங்களில் பூநாரைகளைப் பார்க்க இங்கே கூட்டம் வரும். கரைப்பறவைகளைப் பார்க்க ஆவணியே மேல். குளிர்காலத்தில் உள்ளான்கள் பலவும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்து குழப்பும். ஆவணியிலோ இனப்பெருக்ககாலத்து இறகுகள் முழுதும் உதிர்ந்திருக்காது. வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கும். பொன்னிற உப்புக்கொத்தியின் வயிற்றில் கறுப்பு கலைந்து கிடக்கும். பெரும்பாலும் முதலில் வருபவை முதிர்ந்த பறவைகள். அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகள் சில வாரம் பிந்தி, கூட்டிவரப் பெற்றோர் இல்லாமலே வந்து சேர்கின்றன. பறவையியலில் இதைவிட வியப்பான செய்திகள் குறைவு.

ஒரே சேற்றில் பல இனங்கள் மேய்ந்தாலும் போட்டி அதிகமில்லை. அலகுகளின் நீளம் வெவ்வேறு. கொசு உள்ளானின் அலகு 2 செ.மீ. அளவே, மேல்சேற்றைக் கொத்தும். குதிரைமலைக் கோட்டானின் வளைந்த அலகு 15 செ.மீ. வரை நீண்டு, ஆழத்திலுள்ள புழுவையும் நண்டையும் எட்டும். உள்ளான்களின் அலகு நுனியில் தொடு உணர்வு மிகுதி. கண்ணுக்குத் தெரியாத இரையையும் அது கண்டுகொள்ளும். உப்புக்கொத்திகள் கண்ணை நம்புபவை: நான்கடி ஓடும், சட்டென நிற்கும், குனிந்து கொத்தும். தூரத்திலிருந்தே இந்த நடையை வைத்து அவற்றைச் சொல்லிவிடலாம்.

காலை வெயில் முதுகில் படும்படி ஓரிடத்தில் உட்கார்ந்து, இருநோக்கியால் பார்ப்பதே நல்லது. கிட்டே போய்ப் படமெடுக்கும் ஆசையில் கூட்டத்தைக் கிளப்பிவிடக் கூடாது. கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம்தான். நெடும்பயணத்தில் கொழுப்பைக் கரைத்துவிட்டு வந்த பறவைக்கு, வீணாக எழும் ஒவ்வொரு முறையும் இழப்பு. காலில் வளையம் தெரிந்தால் குறித்துக்கொள்ளலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது.

வடகிழக்குப் பருவமழையில் சதுப்பில் நீர் ஏறியதும் குட்டைக்கால் பறவைகள் ஆழம் குறைந்த இடங்களைத் தேடிப் பிரிந்துவிடும்.