கறுப்பு வெள்ளைக் கட்டைகள் – 11: முகமும் சேர்ந்து வாசிக்கிறது

போன வாரம் பெடல்களைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம், பியானோவில் இல்லாத ஓர் உறுப்பு: வாசிப்பவரின் முகம்.

சீனாவின் லாங் லாங் வாசிப்பதை யூடியூபில் பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். புருவம் ஏறும், கண் மேலே சொருகும், வேலையில்லாத கை காற்றில் ஒரு வட்டமடித்துவிட்டுத் திரும்பும். நம் சபா ரசிகர் பார்த்தால், ‘அங்கசேஷ்டை கொஞ்சம் ஜாஸ்தி’ என்று முடித்துவிடுவார்.

சண்டை பழையது. பதினான்காம் லூயியின் அரண்மனையில் இசைக் கலைஞராக இருந்த ஃபிரான்சுவா கூப்ரான், 1716-ல் ஹார்ப்சிகார்ட் வாசிக்க ஒரு கையேடு எழுதினார். முகம் கோணுகிறவர்களுக்கு அதில் மருந்து இருக்கிறது: நோட்டு வைக்கும் தாங்கியில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ள வேண்டியது. உடம்பைச் சற்றே வலப்பக்கம் திருப்பி, சபையைப் பார்த்தபடி, பெரிய வேலை எதுவும் செய்யாதவர் மாதிரி உட்கார வேண்டும் என்றும் சொல்கிறார். ராஜா வீட்டில் வேர்த்து விறுவிறுத்து வாசிப்பது மரியாதையில்லை, அவ்வளவுதான்.

1753-ல் ஜெர்மனியில் பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் வேறு மாதிரி எழுதினார். தானே உருகாதவன் அடுத்தவனை உருக்க முடியாது. விகாரமான சுளிப்பு வேண்டாம், ஆனால் பாவம் முகத்தில் வந்தால் வரட்டும். 1772-ல் ஹாம்பர்க் போன சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேயர் அவர் வாசிப்பை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்: கண் நிலைகுத்தி, கீழுதடு தொங்கி, முகமெல்லாம் வேர்வை. மகானுபாவர் தன் வீட்டில் கண்ணாடி வைத்திருக்கவில்லை போலும்.

இரண்டு கட்சிகளும் நேருக்கு நேர் மோதியது 1837 மார்ச் 31 அன்று, பாரிஸில், இளவரசி பெல்ஜியோஜோஸோ வீட்டு விருந்தறையில். ஒரு பக்கம் ஃபிரான்ஸ் லிஸ்ட். தலைமுடி பறக்க, உடம்பு முழுவதையும் கட்டைகள்மேல் இறக்குகிறவர். பியானோவைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, தன் முகமும் கையும் கூட்டத்துக்குத் தெரியும்படி செய்தவரும் அவர்தான் என்பார்கள். இன்றைக்கும் எல்லா மேடையிலும் பியானோ அப்படித்தான் கிடக்கிறது. எதிர்ப்பக்கம் சிகிஸ்மண்ட் தால்பர்க். மூன்று கை வாசிப்பதுபோல் கேட்குமாம், ஆனால் உடம்பில் அசைவே இருக்காது. இந்த நிதானம் எப்படி வந்தது என்பதை மோஷெலெஸ் என்ற சக கலைஞர் பதிவு செய்திருக்கிறார். தால்பர்க் சாதகம் செய்யும்போது நீளமான துருக்கிக் குழாயில் புகைபிடிப்பாராம். உடம்பு நிமிர்ந்திருந்தால்தான் வாய்க்கு எட்டும்படி குழாயின் நீளத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தாராம்! கூப்ரானின் கண்ணாடியைவிட இது கெட்டிக்கார யோசனை. அன்று யாரும் தோற்றதாக அறிவிக்கப்படவில்லை. சரித்திரம் என்னவோ லிஸ்ட் பக்கம் சாய்ந்துவிட்டது.

சரி, இந்த அசைவுகளால் ஒலி மாறுகிறதா? இதற்குப் பதில் பியானோவின் வயிற்றுக்குள் இருக்கிறது. கட்டை கீழே இறங்கும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர். அதற்குள் அது சுத்தியலை மேலே எறிகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியலுக்கும் கட்டைக்குமான பிடி விட்டுப்போகிறது. கடைசி ஓரிரு மில்லிமீட்டரைச் சுத்தியல் தன் வேகத்தில் தனியாகக் கடந்து அடிக்கிறது, விழுகிறது. அதற்கப்புறம் அந்த ஸ்வரத்தைப் பெரிதாக்க யாராலும் முடியாது. வயலின்காரர் வில்லை அழுத்தலாம், பாடகர் மூச்சைக் கூட்டலாம். பியானோக்காரர் செய்யக்கூடியது, ஒலியை நீடிக்க விடுவது அல்லது நிறுத்துவது. சிலர் கட்டையை அழுத்திய பிறகு விரலை அதிலேயே வைத்து நடுக்குவார்கள். பார்க்க உருக்கமாக இருக்கும். கம்பிக்கு அது போய்ச் சேருவதில்லை.

ஆனால் அடிக்கு முன்னால் நடப்பது வேறு கதை. தோளைத் தளர்த்துவது, முதுகிலிருந்து பாரத்தைக் கைக்குக் கொண்டுவருவது, ஒரு வாக்கியம் தொடங்குமுன் மூச்செடுப்பது எல்லாம் சுத்தியலின் வேகத்தை நிர்ணயிக்கின்றன. ஆகவே அசைவுகளில் ஒரு பகுதி உழைப்பு, ஒரு பகுதி உபசாரம். கனடாவின் க்ளென் கூல்ட் முணுமுணுத்துப் பாடியபடியே வாசிப்பார். அது இசைத்தட்டிலும் விழுந்திருக்கிறது. 1964-க்குப் பிறகு அவர் மேடையே ஏறவில்லை, ஒலிப்பதிவுக் கூடத்திலும் பாட்டு நிற்கவில்லை. எனவே அதை உபசாரக் கணக்கில் சேர்க்க முடியாது.

விளாதிமிர் ஹோரோவிட்ஸ் தால்பர்க் கட்சி. 1986 ஏப்ரலில், 61 ஆண்டுகள் கழித்து ரஷ்யா திரும்பி, மாஸ்கோவில் வாசித்தார். படம் இருக்கிறது. ஷூமானின் ‘ட்ராய்மரை’ போகிறது. கிழவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, மணிக்கட்டு தாழ்ந்திருக்கிறது, விரல்கள் நீட்டிப் படுத்திருக்கின்றன. கேமரா சபைப் பக்கம் திரும்புகிறது. அங்கே ஒருவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. பாவம் இருக்கவேண்டிய முகத்தில்தான் இருக்கிறது என்பேன் நான்.

ஆனாலும் கண் நம்மை ஏய்க்கிறது. சியா-ஜுங் ட்ஸே என்ற ஆய்வாளர், அவரே பியானோ கலைஞர், 2013-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். சர்வதேசப் போட்டிகளில் இறுதிக்கு வந்த மூவரின் சில நொடித் துணுக்குகளைக் கொடுத்து, ஜெயித்தவர் யாரென்று கேட்டார். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக இருக்கும். ஒலியை மட்டும் கேட்டவர்கள் அதைக்கூட எட்டவில்லை. ஒலியே இல்லாத படத்தைப் பார்த்தவர்கள் ஏறக்குறையப் பாதி தடவை சரியாகச் சொன்னார்கள். இசை தெரிந்தவர்களிடமும் இதே கதைதான். நடுவர்களும் கண்ணால்தான் கேட்டிருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம்.

அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் பல, ஆள் எடுக்கும்போது வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைக்கின்றன. பெரிய பியானோ போட்டிகளோ திறந்த மேடையில், நடுவர்களின் கண்முன்னே நடக்கின்றன. இறுதிச் சுற்று மேடையில் இருக்கட்டும், டிக்கெட் வாங்கியவர் முகத்தையும் பார்க்கட்டும். முதல் சுற்றுக்காவது ஒரு திரை போடுங்கள்.