கதை கேட்டு வளரும் குழந்தை

கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, கிணறு, கட்டிடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. மதிப்பீடும் மானியமும் வேண்டாத வளர்ச்சிப் பணி ஒன்றும் உண்டு. சிறு குழந்தைகளுக்குக் கதை சொல்வதே அது.

திருவெண்ணெய்நல்லூர் கதைக்குப் பெயர் பெற்ற ஊர். சுந்தரரின் மணப்பந்தலுக்கு வந்த முதியவர் ஒருவர், அவர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்து விடுகிறார். மூல ஓலையோ இவ்வூரில் இருக்கிறது. சபையார் கையெழுத்தை ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்கின்றனர். பெரியபுராணம் கூறும் இவ்வரலாறு நம் வட்டாரத்தார் நன்கறிந்தது.

இதனை ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். "ஓலை என்றால் என்ன?" என்று கேட்கும், புதிய சொல் ஒன்று அதற்குக் கிடைத்துவிடும். ஓலை கிழிந்த இடத்தில் சற்றே நிறுத்தி, "இனித் தாத்தா என்ன செய்வார்?" என்று கேளுங்கள். குழந்தை நடந்ததை நினைத்துப் பார்த்து, நடக்கப்போவதை ஊகிக்கும். காரண காரியத் தொடர்பை அது கற்பது இவ்வாறே. அந்த முதியவரை அது கண்டதில்லை. கேட்ட சொல்லைக் கொண்டே அவரைத் தன் உள்ளத்தில் உருவாக்கிக் கொள்கிறது. பின்னாளில் பாடநூலின் எழுத்திலிருந்து பொருளைக் காண உதவுவதும் இவ்வாற்றலே. இப்பயிற்சி வாய்க்காத பிள்ளை உரக்க வாசிக்கலாம். வாசித்தது என்ன என்று கேட்டால் விழிக்கும்.

முன்பு இப்பணியைத் திண்ணையில் அமர்ந்த பாட்டிமார் செய்தனர். இன்று பெற்றோர் நடவுக்கும் கரும்பு வெட்டவும் சென்றுவிட, பல வீடுகளில் குழந்தையின் கையில் கைப்பேசி இருக்கிறது. அது படத்தைத் தானே காட்டிவிடுகிறது. குழந்தையின் மறுமொழிக்குக் காத்திருப்பதில்லை.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அமைந்த அங்கன்வாடிகளில், 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு உணவோடு முன்பருவக் கல்வியும் அளிக்கப்படுகிறது. கொரோனாவால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27-இல் நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றபோது, ஊர்தோறும் தன்னார்வலர்களே முன்வந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அவ்வுற்சாகம் இதற்கும் வேண்டும்.

வாரம் ஒருநாள் கால்மணி நேரம் ஊர்ப் பெரியவர் ஒருவர் அங்கன்வாடிக்குச் சென்று கதை சொல்லலாம். குழந்தைகள் அதே கதையை மீண்டும் கேட்டால் சலியாமல் சொல்லுங்கள். கேட்கக் கேட்கச் சொற்கள் அவர்களுடையவை ஆகும். அவர்கள் திருப்பிச் சொல்லும்போது கதையை மாற்றினால் தடுக்காதீர்கள். கற்பனை முளைவிடும் இடம் அதுவே. ஊராட்சித் தலைவர்களும் மகளிர் குழுவினரும் இதனை முன்னின்று நடத்துவார்களாக.