பட்டாணிக்கு ஒரு துணை

புது ரெகுலேஷன் வரும்போதெல்லாம் "நம்ம பேட்ச்தான்டா கினி பிக்"னு புலம்புறது நம்ம வழக்கம். இந்தக் கட்டுரை அந்த கினி பிக் பத்தி இல்ல. நிஜமாவே நாலு கால் இருக்கிற, கொத்தமல்லிக் கட்டு வச்ச கவர் சத்தம் கேட்டாலே 'வீக் வீக்'னு கத்துற கினி பிக் பத்தி.

சாந்தோம்ல என் கிளாஸ்மேட் வீட்ல ரெண்டு இருந்துச்சு. கடலை, பட்டாணி. பேரைக் கேட்டாலே பீச் பக்கத்து வீடுன்னு தெரிஞ்சிடும். ரெண்டும் பெண். போன மாசம் கடலை செத்துப்போச்சு. பட்டாணிக்கு இப்ப அஞ்சு வயசு. கினி பிக்கோட ஆயுள் பொதுவா 5-லிருந்து 8 வருஷம்தான், அதனால பட்டாணியைப் பாட்டின்னே சொல்லலாம். கடலை போனதுல இருந்து அது மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. கிளாஸ்மேட்டோட அம்மா, "இன்னொன்னு வாங்கி உள்ள விட்டுடு, சரியாயிடும்"னாங்க.

வாங்கிடலாம். உள்ள விடுறதுலதான் விஷயம் இருக்கு. அவசரப்பட்டு விட்டா சண்டை வரும், நோய் வரும், ஆணா பெண்ணான்னு சரியா பார்க்கலன்னா ரெண்டு மாசத்துல வீடு முழுக்க குட்டி வரும். உங்க வீட்லயோ தெரிஞ்சவங்க வீட்லயோ இப்படி ஒண்ணு தனியா நின்னா, இதைப் படிச்சிட்டு அப்புறம் கிளம்புங்க.

முதல் விஷயம். மூலையில உட்கார்றதை எல்லாம் துக்கம்னு முடிவு பண்ணிடாதீங்க. இது பிற மிருகங்களுக்கு இரையாகிற ஜாதி, அதனால முடிஞ்ச வரைக்கும் நோயை வெளிய காட்டாது. நாம கவனிக்கிற அளவுக்கு சோர்ந்து உட்கார்ந்தா விஷயம் ஏற்கெனவே முத்தியிருக்கலாம். கடலைக்கு வந்தது தொற்றுன்னா, ஒரே கூண்டுல இருந்த பட்டாணிக்கும் அது இருக்கலாம். வயசான பெண்ணுக்கு சினைப்பையில நீர்க்கட்டி வர்றது ரொம்ப சகஜம். பல் இன்னொரு தொல்லை. கினி பிக்குக்கு எல்லாப் பல்லும் சாகுற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். கடவாய்ப்பல் கோணலா வளர்ந்தா சாப்பாட்டுக்கு ஓடி வரும், ஆனா மெல்ல முடியாம திரும்பிப் போயிடும். பார்க்கிறவங்களுக்கு அது 'மனசு சரியில்லாம சாப்பிட மாட்டேங்குது' மாதிரியே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல கருவி உங்க கிச்சன்லயே இருக்கு: டிஜிட்டல் தராசு. தினமும் காலையில ஒரே நேரத்துல நிறுத்து எழுதுங்க. வளர்ந்த கினி பிக் சுமாரா 700-லிருந்து 1200 கிராம் வரைக்கும் இருக்கும். இருந்த எடையில பத்துல ஒரு பங்கு குறைஞ்சா யோசிக்காம டாக்டர்கிட்ட போகணும். எடையே பார்க்காட்டியும், அரை நாள் எதுவும் சாப்பிடலன்னா போயாகணும். இதோட குடல்ல நார்ச்சத்து ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னா குடலே நின்னுடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, பிரைவேட் கிளினிக்கும் இருக்கு. எங்க போனாலும் "முயல், கினி பிக் பார்ப்பீங்களா"ன்னு போன்ல கேட்டுட்டு கிளம்புங்க. நாய்க்கு வாங்கின மாத்திரை மீதி இருக்குன்னு கொடுத்துடாதீங்க. நாம சாதாரணமா முழுங்குற அமாக்சிசிலின், கினி பிக் வயித்துக்குள்ள போனா நல்ல பாக்டீரியாவைக் கொன்னு, அதையும் கொன்னுடும்.

பட்டாணியை டாக்டர் பார்த்தாச்சு, பல் சரி, வயிறு சரி. எடை மட்டும் 940-லிருந்து 890-க்கு வந்திருந்தது. அப்போ அது தனிமைதானா?

'துக்கம்'ங்கிறது நம்ம வார்த்தை. ஆனா அளந்து பார்க்கக்கூடிய ஒண்ணு இருக்கு. ஜெர்மனியில முன்ஸ்டர் பல்கலைக்கழகத்துல நார்பர்ட் சாக்ஸர்னு ஒரு விலங்கு நடத்தை ஆய்வாளர். அவரும் அவர் குழுவும் பல வருஷமா கினி பிக்குகளோட உறவுகளை ஆராய்ஞ்சிருக்காங்க. ஒரு ஆணைப் பழக்கமில்லாத கூண்டுல தனியா விட்டா, ரத்தத்துல கார்டிசால்ங்கிற மன அழுத்த ஹார்மோன் சர்ருனு ஏறுது. அதோட நெருங்கிப் பழகின பெண்ணைக் கூட விட்டா ஏற்றம் ரொம்பக் குறைவு. ஆனா முன்னபின்ன தெரியாத பெண்ணைக் கூட விட்டா அந்த உதவி கிடைக்கல. இதை நல்லா கவனிங்க. கூண்டுக்குள்ள இன்னொரு உடம்பு இருந்தா போதும்னு இல்ல, உறவு இருக்கணும். அந்த உறவைக் கடையில வாங்க முடியாது. நீங்க கொண்டு வர்ற புதுசு பட்டாணிக்கு முதல் நாள் அந்நியம்தான்.

அதே ஆராய்ச்சியில கிடைச்ச இன்னொரு விஷயம் யாரைக் கொண்டு வரணும்னு சொல்லுது. கூட்டத்துல, பெரியவங்களோட வளர்ந்த ஆண்கள் பருவ வயசுலயே அடங்கிப் போகவும் ஒதுங்கிப் போகவும் கத்துக்குதுங்க. பிறகு புது இடத்துல அந்நியரைப் பார்த்தாலும் பெரிசா சண்டை போடுறதில்ல. தனியா வளர்ந்தது கடிச்சுக் குதறுது. ஹாஸ்டல் ரூம்மேட் விஷயத்துல நமக்குத் தெரியாததா இது. அதனால கடையில ஒத்தையா கண்ணாடிப் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறதை விட, அம்மா, அக்கா, தங்கச்சியோட வளர்ந்ததை ஒரு வீட்ல இருந்து வாங்குறது மேல். குட்டின்னா குறைஞ்சது மூணு நாலு வாரமாவது அம்மாகூட இருந்திருக்கணும்.

அடுத்தது ஆண், பெண் கணக்கு. பெண்ணும் பெண்ணும் பெரும்பாலும் ஒத்துப் போகும். தனியான கிழட்டு ஆணுக்கு ஒரு சின்னப் பையன் கிடைச்சா ஒத்துப் போக வாய்ப்பு இருக்கு. ஆனா பையன் மூணு நாலு மாசத்துல வயசுக்கு வந்ததும் பெரியவர்கிட்ட மோதிப் பார்ப்பான், அப்போ பிரிச்சு வைக்க இன்னொரு கூண்டுக்கு இடம் வேணும். கருத்தடை பண்ணின ஆணும் பெண்ணும் நல்ல ஜோடி, ஆனா ஆபரேஷன் முடிஞ்சும் ஆறு வாரம் அவனைத் தனியா வைக்கணும், உள்ள மிச்சம் இருக்கும். கருத்தடை பண்ணாத ஆணைப் பட்டாணி மாதிரி ஒரு வயசான பெண்கிட்ட விடவே கூடாது. அதுவரைக்கும் குட்டி போடாத பெண்ணுக்கு ஏழெட்டு மாசத்துக்கு மேல இடுப்பெலும்பு முன்பக்கம் இறுகிப் போயிடும். பிரசவத்துல விரியாது, தாயும் குட்டியும் சேர்ந்து போயிடும். 'பெண்'னு சொல்லிக் கொடுத்தது ஆணா இருந்த கதை ஏராளம், அதனால டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்கோங்க. கடையில ஆணும் பெண்ணும் ஒரே பெட்டியில இருந்திருந்தா வர்ற பெண் சினையாவே வரலாம். கர்ப்ப காலம் 59-லிருந்து 72 நாள்.

புதுசு வந்துடுச்சு. நேரா பட்டாணிகிட்ட காட்டணும்னு கை அரிக்கும். வேண்டாம். ரெண்டு மூணு வாரம் வேற ரூம்ல வைங்க. சொறிப்பூச்சி, படர்தாமரை, சளி இதெல்லாம் முதல் நாள் தெரியாது. படர்தாமரை உங்களுக்கும் ஒட்டிக்கும். முதல்ல பட்டாணிக்குச் சாப்பாடு வச்சிட்டு அப்புறம் புதுசுகிட்ட போங்க, திரும்பும்போது சோப்பு போட்டுக் கை கழுவுங்க. வயசானதுக்கு எதிர்ப்பு சக்தி குறைவுங்கிறதால இந்த மூணு வாரத்தைக் குறைக்காதீங்க. இந்த நேரத்துல பட்டாணிக்கு நீங்கதான் துணை. அது பக்கத்துல உட்கார்ந்து செமஸ்டருக்குப் படிங்க, ரெண்டு வேலை நடக்கும்.

சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை. நம்மள மாதிரியே கினி பிக் உடம்பாலயும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. தினமும் கொஞ்சம் குடைமிளகாய், கொத்தமல்லி, எப்பவாவது ஒரு துண்டு கொய்யா. வைக்கோல்ல சத்து கிடையாது, படுக்கைக்கு மட்டும் ஆகும். ஆன்லைன்ல விக்கிற திமோத்தி புல் விலையைப் பார்த்து மலைச்சுப் போனவங்க அருகம்புல் கொடுக்கலாம். மயிலாப்பூர்ல பிள்ளையாருக்குக் கட்டி விக்கிறாங்களே, அதேதான். பூச்சிமருந்து, நாய் மூத்திரம் எதுவும் இல்லாத இடத்துதான்னு தெரிஞ்சிக்கிட்டு, நல்லா அலசிக் கொடுங்க.

இப்போ அந்த நாள். முழு நாளும் வீட்ல இருக்கிற சனிக்கிழமை காலையா பாருங்க. வெயில் காலம்னா ஆறு மணிக்கே ஆரம்பிங்க, மே மாசம்னா முடிஞ்சா தள்ளிப் போடுங்க. கினி பிக்குக்கு வேர்க்காது. 27, 28 டிகிரி தாண்டினாலே அதுக்குக் கஷ்டம். சாந்தோம்ல மதியம் கடல்காத்து திரும்புற வரைக்கும் வீட்டுக்குள்ள எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்தப் புழுக்கத்துல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் துரத்தினா சண்டையில சாகாட்டியும் சூட்டுல செத்துடும். ஃபேன் காத்து வேர்க்கிற நமக்குத்தான் குளிர்ச்சி. அதுக்கு டைல்ஸ் தரையும், துண்டு சுத்தின ஐஸ் பாட்டிலும் வேணும்.

இடம் ரெண்டுக்கும் புதுசா இருக்கணும். பட்டாணியோட கூண்டுக்குள்ள புதுசை இறக்கினா அது வீட்டுக்குள்ள புகுந்த திருடன். ஹால்ல பெட்ஷீட் விரிச்சு, சுத்தி அட்டையோ சூட்கேஸோ வச்சு ஆறடிக்கு நாலடி மறைச்சிடுங்க. நடுவுல பெரிய புல் குவியல். தண்ணி ரெண்டு, கிண்ணம் ரெண்டு. டெலிவரி வந்த அட்டைப்பெட்டியில ரெண்டு பக்கமும் வாசல் வெட்டி வைங்க. ஒரே வாசல்னா உள்ள மாட்டினது தப்பிக்க முடியாது. ரெண்டையும் ஒரே நேரத்துல இறக்கி விட்டுட்டு, நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.

கையைக் கட்டிக்கிறதுதான் கஷ்டம், ஏன்னா பார்க்கிறதுக்குப் பயமா இருக்கும். மோந்து பார்க்கும். குர்ர்ர்னு அடித்தொண்டையில சத்தம் போட்டு இடுப்பை ஆட்டி ஆட்டி நடக்கும். மேல ஏறும், பெண்ணும் பெண்ணும்னாகூட ஏறும். துரத்தும், புதுசு கீச்சுனு கத்தும். லேசா முடியைப் பிடிச்சு இழுக்கும். இதெல்லாம் யார் பெரியவங்கன்னு பேசி முடிக்கிறது, நடக்க விடணும். பாவம்னு இடையில தூக்கினா பேச்சுவார்த்தை முதல்ல இருந்து ஆரம்பிக்கும். பல்லை விடாம கடகடன்னு அடிச்சா, கழுத்து முடி சிலிர்த்து நேருக்கு நேர் நின்னா, உஷாராகுங்க. நடுவுல ஒரு தலையணையை நுழைச்சா போதும். ரெண்டும் ஒரே பந்தா உருண்டாலோ ரத்தம் வந்தாலோ அன்னைக்கு முடிஞ்சுது. முறத்தையோ தடிமனான துண்டையோ வச்சுப் பிரிங்க, வெறுங்கையை விட்டா உங்க விரல்லதான் கடி விழும்.

நாலு மணி நேரம் போய், ரெண்டும் ஒரே குவியல்ல புல் தின்னுட்டு படுத்துடுச்சுன்னா நல்ல சகுனம். அதுக்குள்ள பழைய கூண்டை வினிகர் கலந்த தண்ணியில கழுவி, உள்ள இருக்கிறதை எல்லாம் இடம் மாத்தி வைங்க, பட்டாணிக்கே அது புது வீடா தெரியணும். ரெண்டுக்கும் குறைஞ்சது நாலடிக்கு ரெண்டடி தரை வேணும். ராத்திரி தனித்தனியா பிரிச்சுட்டு காலையில மறுபடி சேர்க்கிற வேலை வேண்டாம். அப்புறம் ரெண்டு வாரம் குட்டி ஆட்டம் போடும், காத்துல துள்ளும், பட்டாணி எரிச்சலாகும். கால் வலிக்கிற கிழவிக்கு ஒதுங்கிப் படுக்க ஒரு மூலை, ஏறாம எட்டுற மாதிரி சாப்பாடு. எடை பார்க்கிறதை நிறுத்தாதீங்க, குட்டி பங்கைத் தின்னா அது தராசுல முதல்ல தெரியும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, கோடிங் படிச்சவங்க இந்நேரம் கேட்டிருப்பீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பட்டாணி போனா குட்டி தனியாகும். அதுக்கு ஒண்ணு வாங்குவோம், அப்புறம் அதுக்கு ஒண்ணு. முடிவே இல்லாத லூப். ஸ்விட்சர்லாந்துல இது சட்டச் சிக்கலாவே ஆச்சு. அங்க 2008-ல நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிப்படி கினி பிக்கைத் தனியா வளர்க்கவே கூடாது. ஒண்ணு செத்தா என்ன பண்றதுன்னு முழிச்சவங்களுக்கு, சூரிச் பக்கத்துல ஒரு பெண் கினி பிக்கை வாடகைக்குக் கொடுக்க ஆரம்பிச்சார். கடைசிக் காலம் வரைக்கும் துணைக்கு இருந்துட்டு, அது முடிஞ்சதும் இவர்கிட்ட திரும்பி வந்துடும்.

நம்ம ஊர்ல வாடகைக் கடை இல்ல, ஆனா பேச்சுல அதையே பண்ணலாம். என் கிளாஸ்மேட் அதைத்தான் பண்ணினான். அண்ணாநகர்ல ஒரு வீட்ல பெண் கூட்டம் வளர்க்கிறாங்க. அங்க இருந்து மூணு மாசக் குட்டி ஒண்ணு வந்திருக்கு, பட்டாணி காலத்துக்கு அப்புறம் திரும்ப அதே கூட்டத்துக்கே போகும்னு ஒப்பந்தம். அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட்ல பெங்களூருக்கோ எங்கேயோ போகப் போறவன் இதை முன்னாடியே பேசினது நல்லதுதான். சேர்க்க முடியாத அளவுக்கு உடம்பு முடியாததா இருந்தா இதுவும் வேண்டாம். அமைதியா, உங்க கூடவே, நல்ல புல்லோட இருக்கட்டும்.

இதை எழுதுறப்ப குட்டி வந்து பதினோராவது நாள், இன்னும் பெட்ரூம்லதான் இருக்கு. பேர் வைக்கல, சுண்டல்னு வைக்கலாம்னு ஓட்டு அதிகம். சாயங்காலம் கொத்தமல்லிக் கவர் பிரிச்சா அங்க இருந்து ஒரு 'வீக்' வருது. பட்டாணி மூலையில இருந்து எழுந்து, மூடின கதவுப் பக்கம் பார்த்து, பதிலுக்கு ஒரு 'வீக்' கொடுக்குது. இன்னைக்குக் காலையில எடை 905 கிராம்.