வால் வழுக்காத பலகை

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போய்வந்த பள்ளி மாணவி ஒருத்தி கடிதம் எழுதியிருக்கிறாள். அங்கே கடற்கரையில் சாத்திவைத்திருந்த சர்ஃபிங் பலகைகளின் அடியில் சுறாவின் முதுகில் இருப்பதுபோல மூன்று செட்டைகள் இருந்தனவாம். அவை எதற்கு, சுறாவைப் பார்த்துத்தான் செய்தார்களா என்று கேட்கிறாள். பலகையின் வால் வழுக்காமல் இருப்பதற்காக வைத்தது. முதலில் வந்த செட்டை சுறாவிடமிருந்து வரவில்லை, கைவிடப்பட்ட ஒரு மோட்டார் படகிலிருந்து வந்தது. இதை எழுதிப் போட ஓர் அஞ்சலட்டை போதும். ஆனால் அந்தப் படகைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அலை எப்படி எழுகிறது, மரம் ஏன் மிதக்கிறது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வழுக்கலுக்கு வருவோம். பாக்கு மட்டையில் ஒருவனை உட்காரவைத்து இன்னொருவன் இழுத்துக்கொண்டு ஓடும் விளையாட்டில், எங்கள் தெருவில் இழுக்கிறவன் நான். நேராக ஓடுகிற வரையில் உட்கார்ந்திருப்பவன் மகாராஜா. மூலையில் திரும்பினால் போதும், மட்டையின் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போய் மகாராஜாவைச் சாக்கடையோரம் கொட்டிவிடும். மட்டைக்கு முன்னால் போகத் தெரியும், பக்கவாட்டில் போகாமல் இருக்கத் தெரியாது. தட்டையான பலகைக்கும் அதே குறைதான். கரையை நோக்கி நேராக இறங்கும்போது அது ஒழுங்காகப் போகும். ஆனால் அலை உடைவது ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்குப் பரவுகிறது. நுரைக்குத் தப்ப வேண்டுமானால் அலையின் சரிவில் குறுக்காக ஓட வேண்டும். அப்படிக் குறுக்காகத் திருப்பியதும் வால் கீழே சரிந்துவிடும்.

ஹவாய்த் தீவினர் இந்தச் சிக்கலோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள், அதுவும் நன்றாகவே வாழ்ந்தார்கள். கேப்டன் குக்கின் கப்பல்கள் 1779இல் கியாலகேகுவா விரிகுடாவில் நின்றபோது, அலைமேல் பலகையில் விளையாடும் மக்களைக் கண்டு லெப்டினன்ட் ஜேம்ஸ் கிங் வியந்து எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பலகைகளில் செட்டை எதுவும் கிடையாது. பொதுமக்களும் தலைவர்களும் பயன்படுத்திய அலாயா மெல்லியது. அகேசியா இனத்துக் கோவா மரத்திலோ நாம் ஈரப்பலா என்று சொல்லும் மரத்திலோ செதுக்குவார்கள். மெல்லிய பலகையின் ஓரத்தைச் சாய்த்து அலையின் சரிவில் பதித்துவிட்டால் அந்த ஓரமே பிடிமானம். தலைவர்களுக்கு மட்டுமே உரிய ஓலோ நீளமானது, கனத்தது. அதற்கு உகந்தது விலிவிலி மரம். நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கைக்கு அது நெருங்கிய சொந்தம், மிதப்பதில் கெட்டிக்காரி. செதுக்கி முடித்ததும் பவளக்கல்லால் தேய்த்து, குக்குய்க் கொட்டையின் எண்ணெயைப் பூசிக் காயவைப்பார்கள்.

ஓலோ பலகைகளை இன்று பார்க்க வேண்டுமானால் ஹொனலூலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவை அப்னர் பாகி என்ற தலைவருக்குச் சொந்தமானவை. ஆள் ஆறடிக்கு மேல், உடம்பும் அதற்கேற்ற உடம்பு. அருங்காட்சியகமே அவருடைய மகள் பெர்னிஸ் பவாஹி பிஷப்பின் நினைவாக அவள் கணவர் 1889இல் எழுப்பியதுதான். வெள்ளையரோடு வந்த நோய்களில் ஹவாய் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 1820இல் வந்திறங்கிய பாதிரிமார்களுக்கு அரைகுறை ஆடையில் ஆணும் பெண்ணுமாய் அலையில் விளையாடுவது பிடிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஓலோவில் ஏறத் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லாமல் போனார்கள். பாகியின் பலகைகள் மட்டும் மிச்சம்.

1920களில் அவற்றைத் தேடி வந்தவர் டாம் பிளேக். கடலே இல்லாத விஸ்கான்சினில் 1902இல் பிறந்தவர். ஹவாய் நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்குவை ஒரு சினிமாக் கொட்டகையில் சந்தித்துக் கைகுலுக்கியதில் வாழ்க்கையே திசைமாறிப்போனவர். அருங்காட்சியகத்தின் பழைய பலகைகளைச் சீர்செய்து கொடுத்துவிட்டு, அதே வடிவத்தில் தனக்கொன்று செய்துகொள்ளப் பார்த்தார். கட்டை மரத்தில் செய்தால் ஓர் ஆள் எடை வருகிறது. எனவே ரெட்வுட் மரப் பலகையில் மேலிருந்து கீழாக நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு, காயவைத்து, மெல்லிய மரத்தகடு ஒட்டி மூடினார். எடை குறைந்தது. பிறகு துளையையும் விட்டுவிட்டு, விமான இறக்கையைப் போல உள்ளே சட்டங்கள் வைத்து வெளியே பலகை போர்த்தி, உள்ளீடற்ற பலகையே செய்தார். 1932இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

எடை குறைந்ததும் பழைய நோய் முற்றியது. இலேசான, அடி தட்டையான பெட்டி நீரின் மேலேயே நிற்கும். ஓரம் எங்கும் பதியாது. திரும்ப வேண்டுமானால் ஒரு காலைத் தண்ணீரில் விட்டு இழுத்துத் திருப்ப வேண்டும். 1935இல் பிளேக் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு வேகப்படகின் அடியிலிருந்து சின்ன உலோக ஏராவைக் கழற்றினார். சுமார் ஓரடி நீளம், நாலு அங்குல ஆழம். அதைத் தன் பலகையின் வாலுக்கடியில் பொருத்தி ஒவாஹு தீவின் வைக்கீகிக் கடலில் இறங்கினார். வால் நின்றது. பாய்மரப் படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளாமல் ஏரா தடுப்பதுபோலத்தான் இதுவும். முன்னாலிருந்து வரும் நீரைக் கத்திபோல வெட்டிவிடுகிறது, பக்கத்திலிருந்து தள்ளும் நீருக்கு முகம் காட்டி நிற்கிறது. சாய்ந்து நின்றாலே பலகை திரும்பியது.

இனி ஊரே ஓடிவந்து ஏரா பொருத்திக்கொண்டிருக்கும் என்றுதானே நினைப்போம்? கிட்டத்தட்டப் பத்து வருடம் யாரும் சீந்தவில்லை. எனக்கு மிகப் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது.

அதே ஒவாஹு தீவில், அடுத்த இரண்டு வருடத்துக்குள், ஜான் கெல்லி, வாலி ஃப்ரோய்செத், ஃபிரான் ஹீத் என்ற இளைஞர்கள் டயமண்ட் ஹெட் குன்றுக்குப் பக்கத்தில் பெரிய அலைகளில் இறங்கி வால் வழுக்கி வழுக்கி வெறுத்துப்போனார்கள். வீட்டுக்கு வந்து ஒரு பலகையைக் கவிழ்த்துப் போட்டார்கள். கோடரியை எடுத்து அகலமான வாலை இரு பக்கமும் வெட்டி ஒடுக்கினார்கள். அடிப்பக்கத்தைப் படகின் அடிபோல இரு சரிவாகச் செதுக்கினார்கள். கடைசியில் வால் ஐந்தங்குலம் அளவுக்குச் சுருங்கியது. ஒடுங்கிய வால் நீரில் அமிழ்ந்தது, அமிழ்ந்ததால் பிடித்தது. இந்தப் பலகைக்கு 'ஹாட் கர்ல்' என்று பெயர். இதை வைத்துக்கொண்டுதான் பிற்பாடு மக்காஹாவின் பேரலைகளைத் தேடிப் போனார்கள், செட்டை என்ற ஒன்று இல்லாமலே.

ஒருவர் இல்லாததைச் சேர்த்தார், இவர்கள் இருந்ததை வெட்டி எறிந்தார்கள். இரண்டும் சரியான விடை. கல்லூரியில் பொறியியல் சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் வகுப்பில் இந்தக் கோடரியைப் பற்றிச் சொல்லலாம். நம் பிள்ளைகளுக்கு எதையாவது வாங்கி மாட்டுவதுதான் முன்னேற்றம் என்று பழகிவிட்டது.

ஏரா பரவாததற்கு முதல் காரணம் பழக்கம் என்று எனக்குப் படுகிறது. காலால் திருப்பத் தெரிந்தவனுக்குத் திருப்புவதே பெருமை. அது போகட்டும், ஒட்டவும் வழியில்லை. மரத்தில் திருகாணி போட்டால் நீர் புகும், பாறையில் பட்டால் வாலோடு பெயர்ந்து வரும். இரண்டாம் உலகப்போர்தான் அதற்கு விடை கொடுத்தது, போர்த் தொழிற்சாலைகளில் புழங்கிய கண்ணாடியிழையும் பிசினும் அமைதிக்காலத்தில் கலிஃபோர்னியாக் கடற்கரைக்கு வந்தபோது. செட்டையைப் பலகையோடு வார்த்ததுபோலவே ஒட்டிவிடலாம். எக்வடாரிலிருந்து வந்த பால்சா மரத்துக்கு மேல் கண்ணாடியிழைப் போர்வை போர்த்தினால், பலகையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம்.

இந்தக் கலிஃபோர்னியாக்காரர்களில் பாப் சிம்மன்ஸைத் தனியே சொல்லாமல் போக முடியாது. சைக்கிள் விபத்தில் ஒரு கை சரியாக வளையாமல் போனவர், கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர், டக்ளஸ் விமான நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவர். வேகப்படகுகளின் அடிப்பகுதி எப்படி நீரின் மேல் எழும்பி வழுக்குகிறது என்று லிண்ட்சே லார்ட் எழுதிய நூலை வைத்துக்கொண்டு, பலகையை அகலமான வாலோடு வடிவமைத்தார். அகன்ற வாலின் நடுவில் ஒரே செட்டை இருந்தால், பலகை சாயும்போது அது நீரைவிட்டு வெளியே வந்துவிடும். அதனால் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று வைத்தார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்துச் செட்டை அமிழ்ந்தே இருக்கும். 1954இல் லா ஹோயாவுக்குப் பக்கத்தில் அலையிலேயே அவர் உயிர் போனது. வயது 35. இரட்டைச் செட்டையையும் அவரோடு சேர்த்துக் கிட்டத்தட்ட மறந்தேபோனார்கள்; வெகுகாலம் கழித்துத்தான் அது மறுபடி தலைகாட்டியது.

பாகியின் பலகைகளாவது சுவருக்குள் தப்பின என்று சொல்லும்போது நம் கட்டுமரங்கள் நினைவுக்கு வராமல் இல்லை. அதுவும் அலையை உடைத்துக்கொண்டு போய், அலைமேல் சறுக்கிக் கரை சேர்ந்த மரம்தான். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறாண்டுக்கு முன்னால் அவற்றைக் கரை கரையாகப் பார்த்து எழுதிவைத்தார். இப்போது எங்கு பார்த்தாலும் ஃபைபர் படகு. மீன்பிடிக்கிறவர் வசதியானதற்கு மாறினார், அதில் அவரைக் குறைசொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் மரத்தை எந்த வளைவில் செதுக்கினார்கள், எத்தனை மரம் சேர்த்தார்கள், கயிற்றை எப்படி இறுக்கினார்கள் என்று கட்டிய கைகள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் பென்சிலும் போதுமே. நம்மூரில் அரசு விழா அலங்காரத்துக்குக் கட்டுமரம் வேண்டும், அளவெடுக்க மட்டும் ஆளில்லை.

மாணவியின் சுறாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அவள் முழுக்கத் தவறிவிடவில்லை. ஐம்பதுகளின் செட்டைகள் தடித்து, ஆங்கில 'டி' எழுத்தைப்போல அகன்றிருந்தன. அறுபதுகளில் சான்டா பார்பராவைச் சேர்ந்த ஜார்ஜ் கிரீனோ என்பவர் சூரைமீனின் வாலைக் கவனித்தார். குறுகலாக, பின்னால் சாய்ந்து, நுனியில் வளைந்துகொடுக்கும் செட்டையைக் கண்ணாடியிழையில் செய்தார். அதை மாட்டிய பலகையில்தான் ஆஸ்திரேலியாவின் நாட் யங் 1966இல் சான் டியாகோவில் உலகப் பட்டம் வென்றார். ஆக, பார்த்துச் செய்தது மீனைத்தான், சுறாவை அல்ல, அதுவும் முதுகை அல்ல, வாலை.

மூன்று என்ற எண்ணிக்கை சிட்னியின் நராபீன் கடற்கரையைச் சேர்ந்த சைமன் ஆண்டர்சனின் வேலை. எழுபதுகளின் கடைசியில் இரட்டைச் செட்டைப் பலகைதான் போட்டிகளை ஆண்டது. சின்ன அலையில் அது பறக்கும், பெரிய அலையில் கட்டுக்கடங்காது. ஆண்டர்சன் உயரமும் பருமனுமான மனிதர், அவர் காலடியில் அது ரொம்பவே அலைந்தது. 1980இல் நண்பர் ஒருவரின் இரட்டைச் செட்டைப் பலகையில் நடுவே சின்னதாக ஒன்று கூடுதலாக இருந்ததைப் பார்த்தார். மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே அளவாக்கினால் என்ன என்று தோன்றியது. ஓரத்து இரண்டும் உட்பக்கம் தட்டை, வெளிப்பக்கம் விமான இறக்கையின் மேற்புறத்தைப்போலப் புடைப்பு. இரண்டும் பலகையின் மூக்கைப் பார்த்து இலேசாக உள்வாங்கித் திரும்பியிருக்கும். நடுவிலுள்ளதற்கு இரு பக்கமும் ஒரே புடைப்பு. திரும்பும்போது ஓரத்துச் செட்டை இழுத்துக்கொடுக்கிறது, நடுச்செட்டை வாலைப் பிடித்துக்கொள்கிறது. 1981இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் கடற்கரையில் ராட்சத அலைகள் எழும்பிய வருடம், மற்றவர்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோது இந்தப் பலகையில் அவர் வென்றார். அதே வருடம் ஹவாயின் பைப்லைனிலும் வென்றார். சில வருடங்களில் உலகமே மூன்று செட்டைக்கு மாறியது.

இதற்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை. மாமல்லபுரத்தில் சாத்தியிருந்த அந்தப் பலகைகளுக்காக அவருக்கு ஒரு பைசாவும் போயிருக்காது.